தெருவுக்கும் ஒரு டிக்கெட்டா?

ஐந்து மணிக்குக் காப்பி சாப்பிட வருவதாகச் சொன்ன நண்பர் ஆறேகால் மணிக்கு வந்து சேர்ந்தார். வந்தவர் நாற்காலியில் உட்காரக்கூட இல்லை.

"ஸார், இந்த ஊரில் கார் வைத்திருக்கிறவர்களை எல்லாம் பிடித்து உள்ளே போட வேண்டும்! ஒரு காருக்கு ஓர் ஆள், ஒரு காருக்கு ஓர் ஆள் என்று வரிசையாக நிற்கிறார்கள். நகர்ந்தால்தானே!" என்றார்.

"நீங்கள் எதில் வந்தீர்கள்?" என்று கேட்டேன்.

"காரில்தான்."

"கூட யார் வந்தார்கள்?"

நண்பர் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "காப்பி எங்கே?" என்றார்.

காப்பி உள்ளே போனதும் கொஞ்சம் சாந்தமானார். அந்தச் சமயம் பார்த்து, "லண்டனிலும் ஸ்டாக்ஹோமிலும் நகரத்தின் நடுப்பகுதிக்குள் காரில் வருகிறவர்களிடம் கட்டணம் வாங்குகிறார்களாம்" என்று மெதுவாக ஆரம்பித்தேன். டம்ளரை டக்கென்று கீழே வைத்தார்.

"தெருவில் போவதற்கு டிக்கெட்டா? கார் வாங்கும்போது வரி கட்டினேன். பெட்ரோல் போடும்போதெல்லாம் வரி கட்டுகிறேன். ஊரைத் தாண்டினால் சுங்கச்சாவடி. இனிமேல் வீட்டிலிருந்து கடைத்தெருவுக்குப் போகவும் காசா? இது முதல் விஷயம். இரண்டாவது, ஆபீஸுக்குப் போகிறவன் போய்த்தானே ஆக வேண்டும்? காசையும் கட்டிவிட்டு அதே நெரிசலில்தான் நிற்பான். மூன்றாவது, பணக்காரன் காசை வீசிவிட்டுப் பறப்பான். மற்றவன் என்ன செய்வான்? கோயிலில் சிறப்பு தரிசனம் என்று தனி வரிசை வைத்திருக்கிறார்களே, அதைத் தெருவிலும் கொண்டுவர வேண்டுமா?"

மூன்றும் நல்ல கேள்விகள். உலகத்தில் எந்த ஊரில் இந்தப் பேச்சு எழுந்தாலும் ஜனங்கள் கேட்பவை இந்த மூன்றும்தான். நண்பரைப் பேச்சில் மடக்குவது என் உத்தேசமல்ல. இந்தக் கேள்விகளுக்குச் சில ஊர்கள் செய்து பார்த்தே பதில் தேடியிருக்கின்றன. அந்தக் கதையைத்தான் இந்த வாரம் சொல்லப் போகிறேன்.

* * *

நண்பருடைய கோபம் இன்று நேற்று வந்ததல்ல. அதற்கு ஆயிரம் வருஷத்துப் பூர்வீகம் உண்டு.

சோழ மன்னர்களுக்குப் பட்டப் பெயர்களுக்குப் பஞ்சமே இல்லை. மதுரை கொண்டவர், கங்கை கொண்டவர், கடாரம் கொண்டவர் என்று எல்லாம் 'கொண்ட' பெயர்கள். 1070-ல் பட்டத்துக்கு வந்த முதலாம் குலோத்துங்கனுக்கு மட்டும் ஒரு 'விட்ட' பெயர் கிடைத்தது: சுங்கம் தவிர்த்த சோழன். கலிங்கத்தின் மேல் படை அனுப்பி வென்றவன் அவன். அந்த வெற்றியைப் புலவர்கள் பாடினார்கள். ஜனங்களோ, சரக்குக்குச் சுங்கம் வாங்கும் தொல்லையை ஒழித்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொண்டார்கள். சுங்கம் விதித்த மன்னர்கள் எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள். அதற்காக யாரும் அவர்களுக்குப் பட்டம் சூட்டவில்லை.

கடல் கடந்து போனாலும் இதே கதைதான். பிரிட்டனைச் சேர்ந்த வேல்ஸ் நாட்டில் 1839 முதல் 1843 வரை ஒரு வேடிக்கையான கலகம் நடந்தது. வயலுக்குச் சுண்ணாம்பு ஏற்றிக்கொண்டு போகும் குடியானவன், வழியில் சாவடிக்குச் சாவடி காசு கொடுக்க வேண்டியிருந்தது. பொறுத்துப் பார்த்தார்கள். ஒரு நாள் இரவு, ஆண்பிள்ளைகள் எல்லோரும் பெண் வேஷம் போட்டு, முகத்தில் கரியைப் பூசிக்கொண்டு, சாவடிக் கதவுகளை உடைத்துப் போட்டுவிட்டார்கள். தலைவனுக்கு 'ரெபேக்கா' என்று பெயர். மற்றவர்கள் ரெபேக்காவின் புத்திரிகள்! நாலு வருஷம் இந்தக் கூத்து நடந்த பிறகு, 1844-ல் சர்க்கார் சட்டம் கொண்டுவந்து சுங்க முறையைச் சீர்திருத்தியது.

ஆகவே, தெருவுக்குக் காசு என்றால் மனிதனுக்குக் கோபம் வருவது இயற்கை. தெரு எல்லோருக்கும் பொது. காற்று மாதிரி, நிலா வெளிச்சம் மாதிரி. அதற்கு விலை வைப்பதாவது!

ஆனால், பழைய சுங்கத்துக்கும் இந்தப் புதிய கட்டணத்துக்கும் பெரிய வித்தியாசம் உண்டு. சுங்கச்சாவடியில் வாங்குவது சாலை போட்ட செலவுக்காக. நடுநிசியில் ஈ காக்கை இல்லாத சாலையில் போனாலும் அதே காசு. நெரிசல் கட்டணம் அப்படியல்ல. கூட்டம் நெரிகிற இடத்துக்கு, நெரிகிற வேளைக்கு மட்டும் உள்ள கட்டணம் அது. தெரு காலியாக இருந்தால் கட்டணத்துக்கு வேலை இல்லை.

முகூர்த்த நாளில் மல்லிகைப் பூ என்ன விலை விற்கிறது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். விலை ஏறியதும், நாலு முழம் வாங்குகிறவர்கள் ஒரு முழத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். முணுமுணுப்பு இருக்கும், ஆனால் பூக்கடையில் பூ இருக்கும். அன்றைக்குப் பூவை இலவசமாகக் கொடுப்பதாக அறிவித்தால் என்ன ஆகும்? விடியற்காலை மூன்று மணிக்கே போய் வரிசையில் நிற்க வேண்டும். காசு மிச்சம், தூக்கம் போச்சு!

தெருவை நாம் அப்படித்தான் இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். காலை ஒன்பது மணித் தெருவுக்கும் விலை இல்லை, இரவு இரண்டு மணித் தெருவுக்கும் விலை இல்லை. அதனால் ஒன்பது மணித் தெருவை நேரத்தைக் கொடுத்து வாங்குகிறோம். நண்பர் அன்று தெருவில் தொலைத்த ஒன்றேகால் மணி நேரமும் ஒரு கட்டணந்தான். காசாகக் கொடுத்திருந்தால் யாராவது அதைக்கொண்டு ஒரு பஸ்ஸாவது வாங்கியிருக்கலாம். நேரமாகக் கொடுத்ததால் அது யாருக்கும் போய்ச் சேரவில்லை. புகையோடு புகையாகப் போய்விட்டது.

இதை முதலில் பிடிவாதமாக எடுத்துச் சொன்னவர்களில் ஒருவர் வில்லியம் விக்ரி. கனடாவில் பிறந்து நியூயார்க்கில் பேராசிரியராக இருந்தவர். 1952-லேயே, சுரங்க ரயிலில் கூட்ட நேரத்துக்கு ஒரு கட்டணம், மற்ற நேரத்துக்கு ஒரு கட்டணம் என்று யோசனை சொன்னார். 1959-ல், வாஷிங்டன் தெருக்களில் வண்டிகளை மின்சாதனங்களால் அடையாளம் கண்டு கட்டணம் வாங்கலாம் என்றார். கேட்டவர்கள் தலையை ஆட்டிவிட்டுச் சும்மா இருந்துவிட்டார்கள். 1996-ல் அவருக்கு நோபல் பரிசு அறிவித்தார்கள். அறிவித்த மூன்றாம் நாள் காலமாகிவிட்டார்.

* * *

யோசனை அமெரிக்காவில் பிறந்தாலும், முதலில் அதைப் பெரிய அளவில் நடத்திக் காட்டியது தமிழும் ஓர் ஆட்சி மொழியாக உள்ள சிங்கப்பூர். 1975 ஜூனில் நகர மையத்துக்கு ஓர் எல்லை கட்டினார்கள். காலை வேளையில் அந்த எல்லைக்குள் காரில் நுழைய வேண்டுமானால் மூன்று வெள்ளி கொடுத்துச் சீட்டு வாங்கி, காரின் முன் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ள வேண்டும். யந்திரம் எதுவும் கிடையாது. காவலர்கள் கண்ணால் பார்த்துச் சரிபார்ப்பார்கள். நாலு பேராக வந்தால் கட்டணம் இல்லை. உடனே என்ன நடந்தது தெரியுமா? கார்க்காரர்கள் பஸ் நிறுத்தங்களில் காரை நிறுத்தி, "வாருங்கள், வாருங்கள்" என்று முன்பின் தெரியாதவர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள்! அந்தக் காலை வேளைகளில் எல்லைக்குள் நுழையும் வண்டிகள் நாற்பது சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டன. 1998-ல் சீட்டு போய் மின்னணு முறை வந்தது.

இதைச் சொன்னதும் நண்பர், "சிங்கப்பூரை விடுங்கள், ஸார். அங்கே சர்க்கார் சொன்னால் ஜனங்கள் கேட்பார்கள். ஓட்டுப் போட்டு முடிவு செய்யச் சொன்னால் எந்த ஊரில் இது நிற்கும்?" என்றார்.

அவர் கேட்ட அந்த ஊர்தான் ஸ்டாக்ஹோம்.

ஸ்வீடன் தேசத்தின் தலைநகரமான ஸ்டாக்ஹோம் 14 தீவுகளின் மேல் கட்டப்பட்டது. தீவுக்குத் தீவு பாலம். காலையில் ஊரே அந்தப் பாலங்களின் மேல்தான் நிற்கும். 2002 தேர்தலின்போது நெரிசல் கட்டணம் பற்றிய பேச்சு வந்தது. நகரத்தில் வெற்றி பெற்ற சோஷல் டெமாக்ரட் கட்சியின் தலைவி அன்னிகா பில்ஸ்த்ரெம், "என் பதவிக் காலத்தில் கட்டணம் கிடையாது" என்று வாக்குக் கொடுத்திருந்தார். தேர்தல் முடிந்தது. தேசத்தில் ஆட்சி அமைக்கப் பசுமைக் கட்சியின் ஆதரவு தேவைப்பட்டது. அவர்கள் கேட்ட விலைகளில் ஒன்று ஸ்டாக்ஹோமில் நெரிசல் கட்டணம். ஆகவே, கிடையாது என்று சொன்ன அம்மையாரே அதைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஜனங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? கட்டணம் வேண்டாத கோபம் பாதி, வாக்குத் தவறிய கோபம் பாதி!

கடைசியில் ஒரு சமரசம் ஏற்பட்டது. முதலில் கொஞ்ச காலம் பரீட்சார்த்தமாக நடத்துவது. பிறகு நிறுத்திவிடுவது. அதன் பிறகு ஜனங்களிடம் வாக்கெடுப்பு. இந்த ஏற்பாட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கதையின் உயிர் இதில்தான் இருக்கிறது.

இன்னொன்றும் செய்தார்கள். கட்டணம் வருவதற்கு நாலைந்து மாதம் முன்பே, 2005 ஆகஸ்டில், புதிய பஸ்களையும் புதிய தடங்களையும் விட்டார்கள். பஸ் வந்ததே, கார்கள் குறைந்தனவா? இல்லை. அதே நெரிசல்தான். பஸ் மாத்திரம் விட்டால் போதும், எல்லோரும் காரை விட்டு இறங்கிவிடுவார்கள் என்பது நம்முடைய நீண்ட நாள் ஆசை. ஸ்டாக்ஹோமில் அது பலிக்கவில்லை.

2006 ஜனவரி 3-ஆம் தேதி கட்டணம் ஆரம்பமாயிற்று. 18 இடங்களில் காமிரா. சாவடி இல்லை, கதவு இல்லை, நிறுத்துவதும் இல்லை. வண்டி எண்ணைப் படம் பிடித்துக்கொள்ளும். நேரத்தைப் பொறுத்து ஒரு தடவைக்கு 10, 15 அல்லது 20 குரோனா. ஒரு நாளைக்கு எத்தனை தடவை போனாலும் 60 குரோனாவுக்கு மேல் இல்லை. இரவிலும் சனி, ஞாயிறுகளிலும் இலவசம்.

முதல் நாள் பெரிய ரகளை ஆகும் என்று பத்திரிகைகள் எழுதியிருந்தன. படம் எடுப்பவர்கள் பாலத்துக்குப் பாலம் காத்திருந்தார்கள். அவர்களுக்குக் கிடைத்தது காலித் தெருதான்! எல்லையைக் கடக்கும் வண்டிகள் 10 முதல் 15 சதவீதம் குறைந்தால் போதும் என்று திட்டம் போட்டிருந்தார்கள். குறைந்தது சுமார் 20 சதவீதம். ஐந்து காரில் ஒரு கார் மறைந்ததும், நெரிசலில் நிற்கிற நேரம் பல இடங்களில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை குறைந்துவிட்டது. இது கணக்குக்குப் பொருந்தாதது போலத் தோன்றும். ஆனால், நிரம்பி வழிகிற தவலையில் ஒரு செம்பு தண்ணீரை மொண்டுவிட்டால் வழிவது நின்றுவிடுகிறதல்லவா? தெருவும் அப்படித்தான். கடைசியில் வந்து சேர்கிற சில வண்டிகள்தான் எல்லோரையும் நிறுத்திவிடுகின்றன.

"போகிறவன் போய்த்தானே ஆக வேண்டும்" என்றார் நண்பர். அந்த ஐந்தாவது கார்கள் எங்கே போயின? வேலைக்குப் போகிறவர்களில் பலர் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் மாறினார்கள். மற்றவர்கள் மூன்று தடவை போகிற கடைக்கு இரண்டு தடவை போனார்கள். இரண்டு காரியங்களை ஒரே நடையில் முடித்தார்கள். அக்கரைக் கடையை விட்டு இக்கரைக் கடைக்குப் போனார்கள். வேடிக்கை என்னவென்றால், ஜனங்களைக் கேட்டபோது பலர், "நாங்கள் ஒன்றையும் மாற்றிக்கொள்ளவில்லையே" என்றார்கள்! தாங்கள் மாறியது அவர்களுக்கே தெரியவில்லை.

ஜூலை 31-ஆம் தேதி பரீட்சை முடிந்தது. காமிராக்களை நிறுத்தினார்கள். உடனே கார்கள் திரும்பி வந்தன, நெரிசலும் கூடவே வந்தது. ஏழு மாதம் சுகத்தைப் பார்த்துவிட்ட ஜனங்கள் பழைய கஷ்டத்தையும் மறுபடி பார்த்தார்கள். அதன் பிறகுதான், 2006 செப்டம்பர் 17-ஆம் தேதி, வாக்கெடுப்பு.

பரீட்சைக்கு முன்னால் கட்டணத்தை ஆதரித்தவர்கள் மூன்றில் ஒருவர் இருந்தால் அதிகம். வாக்கெடுப்பில் நகர மக்களில் பாதிக்குச் சற்று மேற்பட்டவர்கள், சுமார் 53 சதவீதம் பேர், "இருக்கட்டும்" என்றார்கள். சுற்றுப்புற ஊர்கள் பலவற்றில் "வேண்டாம்" என்ற வாக்கே அதிகம். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

அதே நாள் நடந்த தேர்தலில் அன்னிகா அம்மையார் பதவி இழந்தார். கட்டணம் ஜெயித்தது, கொண்டுவந்தவர் தோற்றார்! கட்டணத்தை எதிர்த்து வந்த கட்சிகள் ஆட்சிக்கு வந்தன. அவர்களாவது ஒழித்தார்களா? இல்லை. 2007 ஆகஸ்டில் அவர்களே அதை நிரந்தரமாக்கினார்கள். ஆனால், வருகிற பணம் புதிய சாலைகளுக்கு என்று மாற்றிக்கொண்டார்கள். ஐந்து வருஷம் கழித்து, 2011 வாக்கில், ஆதரவு 70 சதவீதத்தை எட்டிவிட்டது.

அங்கே இந்த விஷயத்தை ஆராய்ந்து வந்த பேராசிரியர் யூனாஸ் எலியாஸன் இன்னொன்று சொல்கிறார். மனம் மாறியவர்களில் பலருக்குத் தாங்கள் மாறியதே ஞாபகம் இல்லையாம். "நான் ஆரம்பத்திலிருந்தே இதை ஆதரித்தவன்" என்கிறார்களாம். கல்யாணத்துக்கு முன்னால் மாப்பிள்ளை வேண்டாம் என்று ஒற்றைக் காலில் நின்ற மாமனார், பேரன் பிறந்த பிறகு, "நான் பார்த்த உடனேயே சொன்னேனே, தங்கமான பிள்ளை என்று" என்பதில்லையா? அந்தக் கதைதான்.

* * *

இப்போது எதிர்ப்பக்கத்தையும் பார்ப்போம். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஒரு நாளைக்கு 2 பவுன் கட்டணம் வைக்கலாமா என்று 2005 பிப்ரவரியில் ஜனங்களைக் கேட்டார்கள். பரீட்சை எதுவும் இல்லை, வெறும் காகிதத் திட்டம். நாலில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள். 2008 டிசம்பரில் மான்செஸ்டரில் கேட்டார்கள். சம்மதித்தால் ரயிலுக்கும் டிராமுக்கும் பஸ்ஸுக்கும் 300 கோடி பவுன் அளவுக்குப் பணம் வரும் என்றுகூட ஆசை காட்டினார்கள். சுமார் 79 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். இரண்டு ஊரிலும் திட்டம் அத்தோடு சரி.

எடின்பரோக்காரர்களும் ஸ்டாக்ஹோம்காரர்களும் வேறு வேறு ஜாதி மனிதர்களா? இல்லை. கேட்ட நேரந்தான் வேறு. ஒருவர் கையிலிருந்து காசு போவது முதல் நாளே கண்ணுக்குத் தெரியும். தெரு காலியாவதை அனுபவித்துப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே, முன்கூட்டிக் கேட்டால் காசு மட்டும் பேசுகிறது. பார்த்த பிறகு கேட்டால் தெருவும் பேசுகிறது.

அப்படியானால் பரீட்சை வைத்த இடமெல்லாம் ஜெயந்தானா? அதுவும் இல்லை. ஸ்வீடனிலேயே இன்னொரு ஊரான கோத்தன்பர்க்கில் 2013 ஜனவரியில் கட்டணம் வந்தது. 2014-ல் வாக்கெடுப்பு நடந்தபோது 57 சதவீதம் பேர் எதிர்த்தார்கள். (ஆனாலும் நகரசபை கட்டணத்தை நிறுத்தவில்லை!) அங்கே நெரிசல் அவ்வளவு மோசமில்லை. பெரிய ரயில் சுரங்கம் முதலிய திட்டங்களுக்குப் பணம் திரட்டுவதே முக்கிய நோக்கமாக இருந்தது. மருந்துக்காகக் காசு வாங்குகிறவரையும் காசுக்காக மருந்து கொடுக்கிறவரையும் ஜனங்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள்.

நண்பரின் மூன்றாவது கேள்விதான் என் மனத்தை அதிகமாக உறுத்துவது. காசுள்ளவனுக்குத் தெரு, இல்லாதவனுக்கு என்ன?

லண்டனைப் பார்க்கலாம். மேயர் கென் லிவிங்ஸ்டன் 2003 பிப்ரவரி 17-ஆம் தேதி, பள்ளிக்கூட விடுமுறை வாரமாகப் பார்த்து, ஒரு நாளைக்கு 5 பவுன் கட்டணத்தை ஆரம்பித்தார். அந்த ஊரில் காலை நேரத்தில் நகர மையத்துக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் ரயிலிலும் பஸ்ஸிலும் வருகிறவர்கள். காரில் வருகிற சிலருக்காகப் பஸ்ஸில் வருகிற பலர் தெருவில் காத்துக்கிடந்தார்கள். கட்டணத்தோடு கூடவே சுமார் 300 பஸ்களை அதிகமாக விட்டார்கள். செலவு போக மிஞ்சுகிற பணத்தைப் போக்குவரத்துக்கே செலவழிக்க வேண்டும் என்று சட்டமே இருந்தது. உள்ளே வரும் வண்டிகள் சுமார் 18 சதவீதம் குறைந்தன. மறு வருஷத் தேர்தலில் லிவிங்ஸ்டன் மறுபடி ஜெயித்தார்.

பஸ்ஸில் போகிறவனுக்கு இது அநியாயமா? யோசித்துப் பாருங்கள். கோயிலில் சிறப்பு தரிசன வரிசை வைத்தால், காசில்லாதவனுக்குப் பொது வரிசை இன்னும் மெதுவாகிறது. தெருவில் கட்டணம் வைத்தால், பஸ் வேகமாகிறது. இது நியாயத்தின் பக்கம். ஆனால், பஸ்ஸே போகாத இடத்தில் குடியிருந்துகொண்டு, வேறு வழியில்லாமல் பழைய கார் ஒன்றை வைத்துக்கொண்டு பிழைப்புக்குப் போகிறவனும் உண்டு. அவனுக்கு ஒரு வழி செய்யாமல் கட்டணம் வைத்தால் அது அநியாயந்தான். ஸ்கூட்டரில் போகிற நம்மவர்களுக்கும் ஒரு சேதி: லண்டனிலும் ஸ்டாக்ஹோமிலும் மோட்டார் சைக்கிளுக்குக் கட்டணம் இல்லை. சிங்கப்பூரில் ஆரம்பத்தில் இல்லாமல் இருந்து, 1989-ல் அவற்றுக்கும் வந்தது.

கட்டணம் சர்வரோக நிவாரணியும் அல்ல. லண்டனில் சில வருஷங்களுக்குப் பிறகு நெரிசல் மெல்லத் திரும்பியது. தெருவைத் தோண்டுகிற வேலைகள் பெருகின. செல்போனில் கூப்பிட்டால் வருகிற வாடகைக் கார்கள் கட்டணமில்லாமலே ஆயிரக்கணக்கில் நுழைந்தன. 2019-ல்தான் அந்தச் சலுகையை நீக்கினார்கள். மருந்து சாப்பிட்டாலும் பத்தியம் இருக்க வேண்டுமல்லவா?

விக்ரி வாழ்ந்த நியூயார்க்கில் என்ன ஆயிற்று என்றும் சொல்லிவிடுகிறேன். 2019-ல் சட்டம் வந்தது. 2024 ஜூன் 30-ஆம் தேதி 15 டாலர் கட்டணம் ஆரம்பமாக இருந்தது. காமிரா எல்லாம் மாட்டியாகிவிட்டது. சில வாரங்கள் இருக்கும்போது கவர்னர் பயந்துபோய் நிறுத்திவைத்தார். பிறகு 9 டாலராகக் குறைத்து, 2025 ஜனவரி 5-ஆம் தேதி ஆரம்பித்தார்கள். விக்ரி காலமாகி இருபத்தெட்டு வருஷங்களுக்குப் பிறகு!

* * *

நம் ஊர்களில் ஒன்றுக்கு என்றைக்காவது இந்த யோசனை வரலாம். வந்தால், கேட்ட மாத்திரத்தில் பெண் வேஷம் போட்டுக்கொண்டு சாவடியை உடைக்கவும் வேண்டாம். அயல்நாட்டுச் சரக்கு என்பதற்காக ஆலாத்தி எடுக்கவும் வேண்டாம். மூன்று கேள்விகள் கேட்போம். கட்டணத்துக்கு முன்னால் பஸ் வந்துவிட்டதா? வசூலாகும் பணம் எங்கே போகிறது என்று ஒவ்வொரு வருஷமும் கணக்குக் காட்டுவார்களா? முதலில் கொஞ்ச காலம் நடத்திக் காட்டி, பிறகு நிறுத்தி, அதற்கப்புறம் நம்மைக் கேட்பார்களா? மூன்றுக்கும் 'ஆம்' என்று பதில் வந்தால், நம் கோபத்தை ஓர் ஆறு மாதம் ஒத்திப் போடுவதில் நஷ்டமில்லை.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு நண்பர் கொஞ்ச நேரம் மௌனமாக இருந்தார்.

"ஆறு மாதம் என்றால் பார்க்கலாம். ஆனால் முதலில் பஸ்ஸை விடச் சொல்லுங்கள். எங்கள் தெருவுக்கு ஒரு பஸ் வந்து எத்தனை நாளாயிற்று தெரியுமா?" என்றார்.

பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். ஏழு மணி. வாசலுக்குப் போய்த் தெருவை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார்.

"இப்போது கிளம்பினால் மறுபடி ஒன்றேகால் மணி நேரம். எட்டரைக்கு மேல் போனால் இருபது நிமிஷந்தான். இன்னொரு காப்பி கிடைக்குமா?"

'போகிறவன் போய்த்தானே ஆக வேண்டும்?' என்று கேட்க எனக்கு நாக்குத் துடித்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியாயிற்றே என்று அடக்கிக்கொண்டு, காப்பிக்குச் சொல்லி அனுப்பினேன்.